கப்பல்காரர் வீட்டுக்கு எந்த நாய்?

போன மாதம் தூத்துக்குடியில் எங்கள் பழைய கால்நடை மருந்தகத்துக்குப் போயிருந்தேன். ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகியும் அந்தப் பக்கம் போனால் கால் தானாக உள்ளே திரும்பிவிடுகிறது. புதிதாக வந்திருக்கும் டாக்டர் தம்பியின் முன்னால் ஓர் இளம் தம்பதி உட்கார்ந்திருந்தார்கள். அந்தப் பெண்ணின் கையில் போன், அதில் வரிசையாகப் பத்து நாய்ப் படங்கள். முதல்முறை நாய் வளர்ப்பவர்களுக்கு ஏற்ற இனங்களாம். அந்தப் பட்டியலில் எப்படியோ ஹஸ்கியும் நுழைந்திருந்தது, அவளுடைய விரலும் அதன் மேல்தான் நின்றது. வெளியே வெயிலில் செருப்பைக் கழற்றிவிட்டு நான்கு எட்டு வைக்க முடியாது. பனிக்கட்டி மேல் படுத்துத் தூங்கும் நாயை உப்பளத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்து கட்டப்போகிறார்கள் என்று எனக்கு வயிறு எரிந்தது.

சும்மா இருக்க முடியுமா? "உங்க வீட்ல யாரும்மா அடிக்கடி வெளியூர் போறது?" என்று கேட்டேன். இருவரும் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். டாக்டர் தம்பி என்னை அறிமுகப்படுத்திய பிறகுதான் பதில் வந்தது. அவர்கள் போனதும் தம்பி கேட்டார், "எல்லாரும் வீடு எவ்வளவு பெருசு, பிள்ளைங்க இருக்காங்களான்னுதான கேப்பாங்க. நீங்க எடுத்த எடுப்புல இதக் கேக்குறீங்களே, ஏன் சார்?"

நின்றுகொண்டே சொல்லி முடிக்கிற கதை இல்லை அது. எழுதித் தருகிறேன் என்று வந்துவிட்டேன்.

என்னைப் பற்றி இரண்டு வரி. ஊர் சாயர்புரம். பள்ளிப் படிப்பு முடித்து, கால்நடை ஆய்வாளர் பயிற்சி எடுத்து, ஆறு மருந்தகங்களில் வேலை பார்த்தேன். ஆய்வாளர் என்றால் டாக்டருக்கு அடுத்த ஆள். தடுப்பூசி, சினை ஊசி, கட்டுப் போடுவது, கிராமம் கிராமமாகச் சுற்றுவது எல்லாம் எங்கள் தலையில். 'இன்ஸ்பெக்டர்' என்று கூப்பிடுவார்கள். என்னை மாப்பிள்ளை பார்க்க வந்தவர்கள் போலீஸ் இன்ஸ்பெக்டர் என்று நினைத்து வந்து, ஆட்டுக்கு ஊசி போடுகிற இன்ஸ்பெக்டர் என்று தெரிந்ததும் காப்பியைக் குடிக்காமல் எழுந்து போனதும் நடந்திருக்கிறது. முதல் இருபது வருடம் ஆடும் மாடும்தான். தூத்துக்குடிக்கு மாற்றலாகி வந்த பிறகுதான் நாய்கள் வந்தன. டாக்டரம்மாவும் அங்கேதான் கிடைத்தார்.

டாக்டரம்மா பெயர் மங்கையர்க்கரசி. தாமிரபரணிக் கரையில் நெல் விளைகிற ஊர்க்காரர். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதே இல்லை. எல்லோரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார். கோபம் வந்தால் மட்டும் பெயரோடு 'சார்' சேர்த்துக்கொள்வார். 'செல்வராஜ்' என்றால் எல்லாம் சரியாக இருக்கிறது. 'செல்வராஜ் சார்' என்று கேட்டால் எனக்கு உள்ளங்கை வேர்த்துவிடும்.

நாய் வாங்க யோசனை கேட்டு வருகிறவர்களிடம் அவர் நாயைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டார். முதலில் கையைக் கழுவிவிட்டு வந்து உட்காருவார். நோயாளிச் சீட்டு ஒன்றைத் திருப்பிப் போட்டு நடுவில் கோடு கிழிப்பார். இடது பக்கம் காலை ஐந்து மணியில் தொடங்கி நேரத்தை வரிசையாக எழுதுவார். வலது பக்கத்துக்கு மேலே 'யார்?' என்று ஒரே ஒரு சொல். ஐந்து மணிக்கு எழுந்து வெளியே கூட்டிப்போவது யார், ஏழு மணிக்குச் சோறு வைப்பது யார், பதினொரு மணிக்கு வீட்டில் இருப்பது யார், தரை சிமெண்டா ஓடா, மதியம் நிழல் எந்தப் பக்கம் விழும் என்று கேட்டுக்கொண்டே போவார். பதில் சொல்கிறவரைப் பார்க்க மாட்டார். பக்கத்தில் சும்மா இருக்கிறவரின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். கணவர் "நான்தான் டாக்டர் அஞ்சு மணிக்கு எந்திரிப்பேன்" என்று சொல்லும்போது மனைவியின் உதட்டோரம் சிரிப்பு வந்தால் போதும், ஐந்து மணிக்கு எதிரே பெருக்கல் குறி போட்டுவிடுவார்.

சீட்டு நிரம்பிய பிறகுதான் இனத்தின் பெயரே வாயில் வரும். அல்சேஷன் கேட்டு வந்த ஓர் உப்பு வியாபாரியின் வீட்டில் எட்டு மணிக்கு முன்னால் ஒருவரும் எழுந்திருப்பதில்லை என்று தெரிந்ததும், புறா வளர்க்கச் சொல்லி அனுப்பினார். காயல்பட்டினத்திலிருந்து தோப்புக் காவலுக்கு நாய் கேட்டு ஒரு பெரியவர் வந்தார். தொழுகைக்குப் போகும் உடையில் நாயின் எச்சில் படாமல் இருக்க என்ன ஏற்பாடு வேண்டும் என்று டாக்டரம்மா அவரிடமே கேட்டார். கூடு எந்தப் பக்கம், சோறு வைக்கிற ஆள் யார் என்று எல்லாவற்றையும் அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டு, அதற்குப் பிறகுதான் கோம்பை நாய் சரிப்படும் என்றார். பெரியவர் எழுந்து நின்று சலாம் சொல்லிவிட்டுப் போனார். அந்தச் சீட்டுகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மலைப்பாக இருக்கும். பத்து நிமிடத்தில் ஒரு வீட்டின் முழு நாளும் அதில் வந்து உட்கார்ந்திருக்கும்.

மூன்று வருடம் பக்கத்திலேயே நின்று பார்த்ததில் எனக்கும் அந்த வித்தை வந்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன். வினை அங்கேதான் தொடங்கியது.

டாக்டரம்மா நான்கு மாதப் பயிற்சிக்குச் சென்னை போயிருந்தார். அந்த நேரத்தில் அந்தோணி வந்தார். சரக்குக் கப்பலில் மேல்தளத்து வேலை. ஒன்பது மாதம் கடலில், மூன்று மாதம் வீட்டில். விடுமுறையில் வந்து அப்போது பத்து நாள்தான் ஆகியிருந்தது. கூடவே மனைவி ரீட்டா, ஒன்பது வயது மகள் ஜெனி. உப்பளத்தைத் தாண்டிப் புதிதாக மனை பிரித்த இடத்தில் வீடு கட்டிக் குடியேறியிருந்தார்கள். அக்கம் பக்கத்தில் வீடு கிடையாது. அவர் கப்பலில் இருந்தபோது ஒருநாள் யாரோ பின்பக்கக் கதவின் தாழ்ப்பாளை நெம்பிப் பார்த்திருக்கிறார்கள். அதிலிருந்து ரீட்டாவுக்குச் சரியான தூக்கம் இல்லை.

"எங்க பாட்டன் முத்துக் குளிச்ச ஆளு சார்" என்றார் அந்தோணி. "முங்குறவன் கயித்த மேல அவன் மச்சான்தான் பிடிச்சிருப்பானாம். அக்கா தாலி போயிரக் கூடாதுன்னு கண்ணு அசர மாட்டானாம்லா. இவளுக்குக் கூடப் பிறந்தவன்னு ஒருத்தனும் கெடையாது. நான் இல்லாத நேரம் இங்கன கயிறு பிடிக்க ஒரு ஆளு வேணும். அதான், நல்லா பெருசா, பாத்தாலே பயப்படுத மாதிரி ஒரு நாய் சொல்லுங்க."

அவர் மனதில் இருந்தது ராட்வைலர். நாய் வளர்த்தே பழக்கமில்லாத வீடு, சின்னப் பிள்ளை, அந்த வெயில். வேண்டாம் என்று சொல்ல எனக்குத் தெரிந்தது. கையைக் கழுவினேன். சீட்டைத் திருப்பிப் போட்டேன். கோடு கிழித்தேன். டாக்டரம்மா கேட்கிற எல்லாக் கேள்வியையும் ஒன்று விடாமல் கேட்டேன். அந்தோணி பளிச் பளிச்சென்று பதில் சொன்னார். கப்பலில் வேலை செய்கிறவருக்கு நேரக்கணக்கு நன்றாகவே தெரியும். ரீட்டா ஒன்றும் பேசவில்லை. சீட்டு நிரம்பியதும் எனக்கு ஒரே பெருமை.

"கன்னி நாய் எடுங்க" என்றேன்.

கன்னி நம் கரிசல் காட்டு நாய். கறுப்பு உடம்பு, கண்ணுக்கு மேலே இரண்டு பழுப்புப் பொட்டு, ஒட்டிய வயிறு, நீண்ட கால். வெயில் அதை ஒன்றும் செய்யாது. கூழ் ஊற்றினாலும் குடிக்கும். வீட்டாரிடம் கூச்சமாக ஒட்டிக்கொள்ளும், வேற்றாளைக் கண்டால் வாசலைத் தாண்ட விடாது. ஓட இடம் வேண்டும், அதற்கு உப்பளத்து வரப்பு இருக்கிறது. நான் சொன்னதில் ஒரு சொல் தப்பில்லை.

எட்டயபுரத்துக்குப் பக்கத்தில் எனக்குப் பழக்கமான ஒரு விவசாயி அண்ணாச்சி வீட்டில் குட்டிகள் இருந்தன. அவர் கன்னிக் குட்டியை விலைக்குக் கொடுக்க மாட்டார். ஆளைப் பார்த்து, பிடித்திருந்தால்தான் கொடுப்பார். வளர்க்க முடியாமல் போனால் திரும்ப அவரிடமே கொண்டுவந்து விட்டுவிட வேண்டும், வேறு கை மாற்றக் கூடாது. நானே கூட்டிக்கொண்டு போனேன்.

அண்ணாச்சி குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து கேட்டார், "யாரு மடியில வைக்கணும்? எங்க வழக்கம் அது. மடியில வாங்குனவகதான் அதுக்கு ஆளு."

அந்தோணி தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, லுங்கியை விரித்து மடியைக் காட்டினார். ஐம்பது நாள் குட்டி அவர் தொடையில் மூக்கை நுழைத்துக்கொண்டு அப்படியே தூங்கிப்போனது. ரீட்டா வேப்பமரத்தடியில் பையை வைத்துக்கொண்டு நின்றாள். ஜெனி அவள் முதுகுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தாள். எவ்வளவு அழகான காட்சி என்று நான் சிரித்துக்கொண்டு நின்றேன். இப்போது நினைத்தாலும் என் தலையில் நானே குட்டிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

குட்டிக்கு போசன் என்று பெயர் வைத்தார் அந்தோணி. கப்பலில் மேல்தளத்து ஆட்களுக்கெல்லாம் மேஸ்திரியாக இருப்பவரை அப்படிச் சொல்வார்களாம். மூன்று மாத விடுமுறையில் மிச்சமிருந்த நாள் முழுவதும் போசன் அவர் காலுக்கடியிலேயே இருந்தது. காலையில் அவர்தான் வரப்பில் ஓட விட்டார். சாளை மீனை வேக வைத்து முள் எடுத்து ஊட்டியதும் அவர்தான். தடுப்பூசிக்கு வந்தபோதெல்லாம் அவர் தோளில் தலையை வைத்துக்கொண்டு வரும். பிறகு ஒருநாள் அவர் கப்பல் ஏறப் போய்விட்டார்.

ஒன்பதாவது நாள் காலை ரீட்டா ஜெனியோடு ஆட்டோவில் வந்து இறங்கினாள். கையில் ஒரு பழைய போர்வை. அதற்குள் போசன் இருந்தது. எட்டுக் கிலோ இருக்க வேண்டிய நாய் தராசில் ஐந்தரை காட்டியது.

"அவிய போன அன்னைக்கு இருந்து கேட்டுக்குப் பக்கத்துலயே கெடக்கு சார். தண்ணி ரெண்டு நக்கு நக்கும். சோறு, மீனு, முட்டை எதையும் ஏறிட்டுப் பாக்கல. செத்துருமா சார்?"

டாக்டரம்மா அந்த வாரம்தான் சென்னையிலிருந்து திரும்பியிருந்தார். போசனை மேசையில் படுக்க வைத்து, அவசரமே இல்லாமல் பார்த்தார். தோளுக்கு மேலே தோலைக் கிள்ளி இழுத்துவிட்டார். அது மடிந்தபடியே நின்று, மெல்லத்தான் கீழே இறங்கியது. ஈறை விரலால் அழுத்திவிட்டு, வெளுத்த இடம் திரும்பச் சிவக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்தார். காய்ச்சல் இல்லை. காது நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, கண்ணாடித் துண்டில் தேய்த்து, உண்ணிக் காய்ச்சல் கிருமி இருக்கிறதா என்று மைக்ராஸ்கோப்பில் தேடினார். இல்லை. குடல் நோய்க்கான சோதனையிலும் ஒன்றும் இல்லை. முன்னங்காலில் நான் ஊசி ஏற்றி குளுக்கோஸ் போட்டேன். பிறகு அவர் என் பக்கம் திரும்பினார்.

"இந்த நாய்க்குச் சீட்டு போட்டது யாரு?"

நான் பழைய சீட்டை எடுத்துவந்தேன். அதை வாங்காமல், "நீங்களே வாசிங்க" என்றார்.

"காலை அஞ்சு மணி, வெளியே கூட்டிப்போவது, அந்தோணி."

அவர் பேனாவை நீட்டினார். "அவரு இப்ப எங்க?"

"கடல்ல."

"அடிச்சிருங்க."

ஏழு மணி, சோறு, அந்தோணி. அடித்தேன். பதினொரு மணி, வீட்டில் இருப்பது, அந்தோணி. அடித்தேன். மாலை ஓட்டம், குளிப்பாட்டுவது, இரவு கேட் பூட்டுவது. ஒவ்வொன்றாக வாசித்து ஒவ்வொன்றாக அடித்தேன். கடைசி வரி வந்தபோது அந்தச் சீட்டில் அடிக்காத பெயர் ஒன்றுகூட இல்லை. வீட்டில் இல்லாமல் போகப்போகிற ஒரே ஆளிடம் எல்லாக் கேள்வியையும் கேட்டு, அவர் மடியிலேயே குட்டியையும் வைத்திருக்கிறேன். கப்பல்காரர் வீடு என்று தெரிந்தே செய்திருக்கிறேன்.

"இனம் சரிதான், செல்வராஜ் சார்" என்றார் டாக்டரம்மா. அதற்கு மேல் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அந்தோணிக்குத் தெரியுமா என்று ரீட்டாவிடம் கேட்டார். அவள் இல்லை என்று தலையாட்டினாள். "கடல்ல இருக்கவியகிட்ட வீட்டுக் கெட்ட சேதி சொல்லக் கூடாது டாக்டரம்மா. எங்கள்ல வழக்கம் அது. போன்ல 'போசன் எப்பிடி இருக்கு'ன்னு கேப்பாவ. 'நல்லா சாப்பிடுது'ன்னு சொல்லுவேன். ஒருநா வீடியோவுல வந்தாவ. அவிய குரலு கேட்டதும் இது எந்திரிச்சி வீடு முழுக்க ஓடி, கட்டிலுக்கு அடியில, பாத்ரூமுல எல்லாம் தேடுச்சு. பெறவு கேட்டுக்குப் போயி படுத்ததுதான். அதுல இருந்து தண்ணியும் கொறஞ்சிட்டு."

"இனிமே அது காதுல விழுற மாதிரி பேசாதீங்க" என்ற டாக்டரம்மா, அவள் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். "நீங்க எப்ப சாப்பிட்டீங்க?"

ரீட்டா சட்டென்று அழுதுவிட்டாள். "இது சாப்பிடலன்னு ஆட்டோ வச்சித் தூக்கிட்டு வந்துட்டேன். எனக்கும்தான் எறங்கல. வருசா வருசம் இப்பிடித்தான். என்னைய யாரு தூக்கிட்டு வருவா?"

நான் குளுக்கோஸ் பாட்டிலையே பார்த்துக்கொண்டு நின்றேன். டாக்டரம்மா ஜெனியை வெளியே வேப்பமரத்தடியில் நிற்கும் ஆட்டுக்குட்டியைப் பார்த்துவிட்டு வரச் சொல்லி அனுப்பினார். பிறகு தாழ்ந்த குரலில் கேட்டார், "அவரு போட்ட துணி, துவைக்காம, ஏதாவது வீட்ல கெடக்கா?"

ரீட்டா போர்வையின் ஓரத்தைச் சரிசெய்தாள். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "ஒரு சட்டை இருக்கு. நீலக் கோடு போட்டது. போற அன்னைக்குக் காலையில கழத்துனது. பிளாஸ்டிக் கவர்ல சுத்தி தலகாணிக்கு அடியில வச்சிருக்கேன். அவியளுக்குத் தெரியாது. தூக்கம் வரலன்னா லேசா பிரிச்சி... ஒம்பது மாசத்துக்கும் வரணும்லா, அதனால கொஞ்சமாத்தான் பிரிப்பேன்."

இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்த்த எனக்கு அந்த இடத்தில் நிற்கக் கூச்சமாக இருந்தது. வெளியே போய்விடலாமா என்று பார்த்தேன். டாக்டரம்மா கண்ணாலேயே நிற்கச் சொன்னார்.

"அந்தச் சட்டைய நீங்க போட்டுக்கிட்டு இதுக்குச் சோறு வைக்கணும்" என்றார். "தினமும், ஒரே நேரத்துல, தரையில உக்காந்து."

"வாசம் போயிருமா?"

"போயிரும். ஒரு வாரம் பத்து நாள்ல உங்க வாசமும் நாய் வாசமும் ஏறிரும். பொய் சொல்ல மாட்டேன். கட்டாயம் இல்ல ரீட்டா. மூக்குல டியூப் போட்டுக் கஞ்சி ஏத்திப் பாக்கலாம். ஆனா அதுல பிழைக்கும்னு என்னால சொல்ல முடியாது."

ரீட்டா போசனைப் பார்த்தாள். அது கண்ணைத் திறந்தபடி யாரையும் பார்க்காமல் படுத்திருந்தது. அவள் போர்வையை எடுத்து அதைச் சுற்றித் தூக்கிக்கொண்டாள். டாக்டரம்மா நோயாளிச் சீட்டில் மருந்துகளை எழுதி, கடைசியில் ஒரு வரி சேர்த்து அவளிடம் கொடுத்தார். 'வீட்டம்மா முதலில் சாப்பிட வேண்டும். நாயின் பக்கத்தில் உட்கார்ந்து.' அரசாங்கச் சீட்டில் அப்படி ஒரு வரியை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

மறுநாள் காலை ஏழு மணிக்கு அந்த வீட்டுக்குப் போனேன். ஊசி போட என்று பெயர். உண்மையில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ரீட்டா நைட்டிக்கு மேலே அந்த நீலக் கோடு சட்டையைப் போட்டு, கையை மடித்துவிட்டு, கார் நிறுத்தும் இடத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். ஒரு தட்டில் அவளுக்குச் சோறு, ஒரு கிண்ணத்தில் மோர் விட்ட கம்பங்கூழ். பத்தடி தள்ளி கேட்டுக்குப் பக்கத்தில் போசன். நான் சுவரோரமாக நின்றுகொண்டேன்.

முதலில் மூக்கு மட்டும் அசைந்தது. பிறகு தலை நிமிர்ந்தது. எழுந்தபோது கால்கள் நடுங்கின. அவளிடம் வந்து சட்டையின் காலரை மோந்தது. கக்கத்தை மோந்தது. பித்தான் பித்தானாகக் கீழே வந்தது. பிறகு அவள் முகத்தை நிமிர்ந்து பார்த்தது. திரும்பக் காலரை மோந்தது, திரும்ப முகத்தைப் பார்த்தது. அது குழம்பி நின்றதை நான் கண்ணால் பார்த்தேன். வாசம் அவருடையது, முகம் இவளுடையது. ஒரு சட்டை நூலில் ஒரு மனிதனை முழுதாக வாசிக்கிற அந்த மூக்கை நினைத்து எனக்குப் புல்லரித்தது. இத்தனை வருடம் நாய்களுக்கு ஊசி போட்டிருக்கிறேன், அன்றைக்குத்தான் ஒரு நாயை முதன்முதலாகப் பார்த்த மாதிரி இருந்தது.

அன்று அது சாப்பிடவில்லை. அவள் மடியில் தாடையை வைத்துக்கொண்டு படுத்துவிட்டது. ரீட்டா அழுதுகொண்டே தன் தட்டிலிருந்து மூன்று வாய் சாப்பிட்டாள்.

இரண்டாம் நாள் அவள் விரலில் இருந்த கூழை நக்கியது. நாலாம் நாள் அரைக் கிண்ணம். ஆறாம் நாள் நான் போனபோது அவள் தட்டும் அதன் கிண்ணமும் காலியாக இருந்தன. நாயைத் தொடவே பயந்த ஜெனி, அதன் முதுகில் நோட்டை வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். ரீட்டா சட்டையின் கையை மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, "அவிய வாசம் போயிட்டு சார்" என்றாள். வருத்தமாகச் சொல்கிறாளா, சாதாரணமாகச் சொல்கிறாளா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. அந்தச் சட்டையை அவள் போசனின் சாக்குக்கு மேலே விரித்துவிட்டாள்.

டாக்டரம்மா புதுச் சீட்டு ஒன்று எழுதினார். ஐந்து மணி, ரீட்டா. ஏழு மணி, ரீட்டா. மாலை ஓட்டம், ஜெனி. அந்தச் சீட்டை என்னிடம் கொடுத்து, "பத்திரமா வச்சிருங்க, செல்வராஜ்" என்றார். 'சார்' போய்விட்டது என்று எனக்கு எவ்வளவு நிம்மதி!

ஒன்பது மாதம் ஓடியது. போசன் இடுப்பு உயரம் வளர்ந்தது. கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவர் தெருமுனையிலிருந்தே ரீட்டாவைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார், அவள் வந்து "விடு" என்று சொன்னால்தான் கேட்டைத் தாண்டுவார். தாழ்ப்பாளை நெம்ப அந்தப் பக்கம் எவனும் வரவில்லை. ரீட்டா நன்றாகத் தூங்குவதாகச் சொன்னாள். அந்தோணி திரும்பி வரும் நாள் தெரிந்ததும்தான் எங்களுக்குப் புதுக் கவலை வந்தது. அவர் போனபோது அது குட்டி. இப்போது அவர் அதற்கு யாரோ. அவரோ வண்டியை விட்டு இறங்கியதும் ஆசையில் ஓடிப்போய்க் கட்டிப்பிடிப்பார். கன்னி நாய் கடித்தால் தையல் போட வேண்டிவரும்.

"நீங்க அன்னைக்கு அங்க இருங்க, செல்வராஜ்" என்றார் டாக்டரம்மா. செய்ய வேண்டியதை வரிசையாகச் சொன்னார். அந்தோணி கேட்டுக்கு வெளியே நிற்க வேண்டும், நாய்க்குப் பக்கவாட்டில் திரும்பி. கண்ணைப் பார்க்கக் கூடாது, கையை நீட்டக் கூடாது. கயிறு ரீட்டா கையில். நாயாக வருகிற வரை யாரும் அவசரப்படக் கூடாது.

காலை பத்து மணிக்கு வண்டி வந்தது. நான் முன்னாடியே தெருமுனையில் நிறுத்தி, அந்தோணியிடம் விஷயத்தைச் சொன்னேன். சாப்பிடாமல் கிடந்த கதையைச் சொல்லவில்லை, அது ரீட்டா சொல்ல வேண்டியது. மனிதர் முகம் வாடிவிட்டது. "நம்ம வீட்டுக்கே அனுமதி கேட்டு நிக்கணுமா சார்?" என்றார். ஆனாலும் சொன்னபடி கேட்டுக்கு வெளியே பக்கவாட்டில் நின்றார்.

போசன் உறுமியது. முடி முதுகு நெடுகச் சிலிர்த்து நின்றது. ரீட்டாவுக்கும் அவருக்கும் நடுவில் வந்து நின்றுகொண்டது. உப்பளக் காற்று அவர் பக்கமிருந்து வீட்டுப் பக்கமாக அடித்தது.

உறுமல் பாதியில் நின்றது. மூக்கு அசைந்தது. கழுத்தை நீட்டி, கேட்டின் கம்பிக்கு இடையில் முகத்தை நுழைத்து, அவர் முழங்காலை மோந்தது. பிறகு திரும்பி ரீட்டாவின் முகத்தைப் பார்த்தது.

"விடு" என்று சொல்லிக் கேட்டைத் திறந்தாள் ரீட்டா. "நம்ம ஆளுதான்."

அது ஒரு சத்தம் போட்டது. குரைப்பும் இல்லை, ஊளையும் இல்லை, நான் அதற்கு முன் எந்த நாயிடமும் கேட்காத சத்தம். ரீட்டா கையிலிருந்த கயிற்றை உருவிக்கொண்டு வீட்டுக்குப் பின்பக்கம் ஓடியது. பயந்துவிட்டது என்று நினைத்தேன். அந்தோணி தலையைக் குனிந்துகொண்டார். அரை நிமிடம் கூட இருக்காது, வாயில் எதையோ கவ்வி இழுத்துக்கொண்டு திரும்பி வந்தது. நேராக அவர் காலடியில் கொண்டுவந்து போட்டது. போட்டுவிட்டு உடம்பு முழுக்க ஆட ஆட அவரைச் சுற்றிச் சுற்றி வந்தது.

அந்தோணி குனிந்து எடுத்தார். கிழிந்து, சேறு ஏறி, நூல் நூலாகத் தொங்கியது. உதறிப் பார்த்தார்.

"இது என் சட்டைல்லா? நான் கெளம்புன அன்னைக்குப் போட்டது." ரீட்டாவைப் பார்த்தார். "ஏளா, இத நீ துவைக்கவே இல்லையா?"

ரீட்டா முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டாள். அந்தோணி ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தார். நான் சொல்லவில்லை. சட்டையைக் கையில் பிடித்தபடி அவர் அவள் பின்னாலேயே உள்ளே போனார். போசன் போகவில்லை. கேட்டுக்கு நடுவில் வந்து உட்கார்ந்துகொண்டு, எப்போது கிளம்புகிறாய் என்பதுபோல என்னைப் பார்த்தது. நான் கிளம்பினேன்.